பிறைக் கீறல்

“இந்தக் காப்பு எங்க வீட்டுது. பீரோவுல இருந்து காணாமப் போனது.”

கண்காட்சியில் என் மேசைக்கு முன்னால் நின்ற அந்த அம்மாள் இரைந்து சொன்னதும், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்காதும்மா. இது ஒரு பழைய வீட்டுல வாங்கினது. நூறு வருஷத்து விண்டேஜ்,” என்றேன், வழக்கம்போல.

“உள்பக்கம் பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கும், பாருங்க.”

திருப்பினேன். இருக்கத்தான் செய்தது.

“எந்த வீட்டுல வாங்கினீங்க? எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா? சரி, போலீஸ்கிட்ட சொல்லுங்க.” போனில் எண்ணை அழுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மானம் போனால் போகட்டும், ஜெயிலுக்குப் போக முடியாது.

“ஐயோ, நான் திருடலைங்க! நானே செஞ்சது! புதுப் பித்தளையை உப்பும் வினிகரும் போட்டு ரெண்டு நாள் ஊற வெச்சேன். கீறல்கூட நான் ஆணியால போட்டதுதான்!”

மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் கவிழ்த்தேன். பன்னிரண்டு காப்புகள் உருண்டன. பன்னிரண்டிலும் அதே பிறை.

“விண்டேஜ்னா பழசுன்னு இல்லம்மா... பழசு மாதிரி.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து அதே போல் இன்னொரு காப்பை எடுத்து அவற்றோடு வைத்துவிட்டு, போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

“கேட்டியா மருமகளே? நீ என் கையில போட்டுவிட்டியே, உங்க வீட்டு நாலு தலைமுறைச் சொத்து... அதை ஊற வெச்சவங்கதான் இப்போ பேசினாங்க.”