பிணமாகப் படுக்க ஓர் ஆள்

"நான் படுக்கறேன்டா, மாப்ள. பந்தலையும் என் ஊட்டு வாசல்லயே போட்டுக்கோ."

கோதண்டபாணி இப்படிச் சொன்னதும் புகழேந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு வருஷமாக அவன் நாயாய் அலைந்திருந்தான். ஏரிக்கரை, பனந்தோப்பு, மல்லாட்டை விளையும் கொல்லை, பாறைக் குன்று என்று தன் ஊரை வளைத்து வளைத்துப் படம் பிடித்து, ஆல்பம் போட்டு, சென்னையில் சினிமா கம்பெனி ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். "கிராமம்னா பொள்ளாச்சிக்குத்தான் போவணுமா? விழுப்புரம் ஜில்லாவுக்கு என்னா கொறச்சல்?" என்பதுதான் அவன் எல்லா இடத்திலும் பாடிய பாட்டு. கடைசியில் வெப் சீரிஸ் எடுக்கும் கலைப்பிரியா என்ற பெண் இயக்குநர் மனம் இரங்கினார். முதல் நாள் சாவு வீட்டுக் காட்சி. அது நன்றாக வந்தால் மீதி நாற்பது நாளும் இந்த ஊரில்தான் ஷூட்டிங். சொதப்பினால் யூனிட் மூட்டை கட்டிவிடும்.

இயக்குநர் உள்ளூர் முகம்தான் வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். ஷூட்டிங் என்றதும் முண்டியடித்துக்கொண்டு வந்த ஊர், பிணமாகப் படுக்க வேண்டும் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டது. உயிரோடு இருக்கிறவன் வாசலில் சாவுப் பந்தல் போட எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

கோதண்டபாணி வீட்டில் தடுக்க ஆள் இல்லை. மனைவி இறந்து இருபது வருஷம் ஆயிற்று. ஒரே மகள் ஓசூரில் இருந்தாள். ஆனாலும் லேசில் எதற்கும் தலையாட்டாத மனுஷர், இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார் என்பது புகழேந்திக்குப் புரியவில்லை.

"ஒரு கண்டிஷன்" என்றார் கோதண்டபாணி. "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பீங்கல்ல, அதுல என் பேரு, என் போட்டோதான் இருக்கணும். வாசகத்தையும் நானே எழுதிக் குடுத்துடுவேன்."

"கதையில அவரு பேரு வேறங்க, ஐயா" என்றார் கலைப்பிரியா.

"மாத்திக்கோம்மா. அப்புறம், போஸ்டரைக் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்புல ஒட்டணும். கதையில பையன் மெட்ராஸ்லர்ந்து அங்கதான வந்து எறங்கறான்? எறங்கற எடத்துல அப்பன் போஸ்டர் இல்லாட்டி எவன் நம்புவான்?"

இயக்குநர் அசந்துபோனார். "இது என் ஸ்கிரிப்ட்லயே இல்லைங்க, ஐயா. சேத்துக்கறேன்."

வயசான காலத்தில் மனுஷருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று புகழேந்தி நினைத்துக்கொண்டான். கோதண்டபாணியோ திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி, தானே பிரஸ்ஸில் நின்று போஸ்டர் அடித்து வாங்கி வந்தார். ஷூட்டிங் அன்று விடிகாலையில் தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, பசை வாளியோடு கூட்டேரிப்பட்டுக்குப் போய் அவரே ஒட்டிவிட்டும் வந்தார். தன் சாவுக்குத் தானே போஸ்டர் ஒட்டிய ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான் இருப்பார்.

காலை பத்து மணிக்குக் காட்சி தொடங்கியது. பந்தலுக்குக் கீழே பெஞ்சில் கோதண்டபாணி. தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாய், கழுத்தில் ரோஜா மாலை. எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் அழ வேண்டிய பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான்கு டேக் வீணாயிற்று.

"கெங்கம்மா அக்கா, உன் கால்ல உழறேன். கொஞ்சம் அழுவு" என்று புகழேந்தி கெஞ்சினான்.

"எப்பிடிடா அழுவறது? இப்பதான் என்னாண்ட டீ வாங்கிக் குடிச்சிட்டு வந்து படுத்துக்கினாரு."

பிணமும் குலுங்கியது. கலைப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தார். "இதான் கடைசி டேக், புகழேந்தி. இதுவும் சரியா வரலன்னா நாங்க பொள்ளாச்சிக்கே போயிடறோம்."

இரண்டு வருஷ உழைப்பு இந்த ஐந்து பெண்களின் சிரிப்பில் போய்விடுமே என்று புகழேந்தி பயந்தான்.

"ஆக்‌ஷன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். அறுபது வயசு இருக்கும். காலில் செருப்பில்லை, கையெல்லாம் கிரீஸ் கறை. கேமராவோ விளக்கோ அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. பெஞ்சைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்தார்.

"யண்ணா, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நான் அவ்ளோ ஆகாதவனா பூட்டனா?"

கெங்கம்மாள் அந்த முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி அவளும் ஓவென்று அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். கேமராமேன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கட். பிரமாதம்" என்றார் கலைப்பிரியா. "யாருங்க இந்த ஆர்ட்டிஸ்ட்? முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே. நாப்பது நாளும் இங்கதான் ஷூட்டிங், புகழேந்தி."

ஆசைப்பட்டது கிடைத்தும் அதைக் கவனிக்காமல் புகழேந்தி பெஞ்சுப் பக்கம் ஓடினான். வந்தவர் கூட்டேரிப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் விருத்தாசலம். கோதண்டபாணியின் கூடப்பிறந்த தம்பி. பதினான்கு வருஷமாக அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்.

ஷாட் முடிந்தது தெரியாமல் அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். பெஞ்சில் கிடந்தவர் தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு, எழுந்து ஓடிவிடாதபடி தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதடா. என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில உன் பேரை உட்டுட்டேன்னுதான கோச்சிக்கினு போன? என் சாவு போஸ்டர்ல உன் பேரு ஒண்ணைத்தான்டா போட்டிருக்கேன்."