ஆறாவது தூண்

கொட்டகுடி ஆற்றில் ரயில் பாலத்தின் ஆறாவது தூணுக்கு அன்று கான்கிரீட் ஊற்றினோம். சென்ட்ரிங் மேஸ்திரி பிச்சைமணி, தூணுக்கு அச்சாகச் சுற்றி நிறுத்திய இரும்புத் தகடுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே சாரத்தில் சுற்றி வந்தார். சத்தம் கனமாக வந்தால் உள்ளே நிறைந்துவிட்டது, கணகணத்தால் பொந்து. முந்தைய ஐந்து தூண்களிலும் அவர் காது ஒருமுறைகூடத் தவறவில்லை. எஞ்சினியர் நான், ஆனாலும் கருவியைவிட அவரைத்தான் நம்புவேன்.

மேலே குரங்கணி மலைப் பக்கம் மழை இறங்கியிருந்தது. ஆறு ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

பாதி உயரத்தில், ஆளில்லாத பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிச்சைமணி அங்கே போய்த் தானும் தட்டினார். கணகணத்தது.

"யாருண்ணே தட்டுனது?" என்றேன்.

"தெரியல மேடம். என்னையவிட நல்ல காது. வெரசா வைப்ரேட்டர இங்கன விடச் சொல்லுங்க."

இப்படிப் பதினோரு இடங்கள். ஒவ்வொன்றிலும் பொந்து இருந்தது. வைப்ரேட்டரால் கலவையை அதிரவைத்து ஒவ்வொன்றையும் நிரப்பினோம்.

மறுநாள் தகடுகளைக் கழற்றினோம். தூண் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தகடுகளில் மட்டும் பதினோரு இடங்கள், சுத்தியல் முகத்தின் அளவுக்கு, உள்ளிருந்து வெளியே புடைத்திருந்தன.

"நிமித்திரலாமாண்ணே?"

பிச்சைமணி ஒரு புடைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "வேணாம் மேடம். வேலை தெரிஞ்ச கை."

ஏழாவது தூணுக்கு அதே தகடுகளை மாட்டினோம். கான்கிரீட் இறங்கத் தொடங்கியதும் பிச்சைமணியைப் பார்த்தேன். அவர் சுத்தியலைக் கொண்டுவரவில்லை. தகட்டில் காதை வைத்துக் காத்திருந்தார்.