கோணல் பைன்

ஹில்க்காவுக்குக் கோபம் வந்தால் மரங்கொத்திகூட வேறு காட்டுக்குப் போய்விடும். எங்கள் பின்லாந்து மர ஆராய்ச்சிப் பண்ணையில் அவள் விஞ்ஞானி, நான் வேலையாள்.

"உர்ஹோ, உங்க சானாக் குளியலறை ஓரமா நிக்கிற கோணல் பைன வெட்டுங்க."

"அது என்ன பண்ணுச்சு?"

"காத்துல மகரந்தத்த அனுப்புது. அப்பன் யாருன்னு தெரியாத கன்னுக்கு நான் என்னன்னு மதிப்பெண் போட? ஏழாம் நம்பர் மரக் குடும்பத்தப் பாருங்க. வெளி மகரந்தம் படாம பூவுக்குப் பை கட்டி, நாமளே ஊசியால மகரந்தம் ஏத்துனது. இருபது வருஷமா முதலிடம்."

"சின்னதுல பனிப் பாரத்துல வளைஞ்சது, பாவம்."

"வெட்டுங்கன்னா வெட்டுங்க."

வெட்டினேன்.

அடுத்த கோடையில் மரபணு சோதனை முடிவு வந்தது. காகிதத்தை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"ஏழாம் நம்பருக்கு அப்பன் அந்தக் கோணல் மரமாம். பைய நீங்கதானே கட்டுனீங்க?"

"நான்தான். ஒரு நாள் தாமதம். பூ அதுக்குள்ள விரிஞ்சிருந்துச்சு."

"ஏன் தாமதம்?"

"அன்னிக்கு ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம்."

பல்லைக் கடித்தாள். "ஒட்டுக்கட்ட ஒரு கிளையாவது எடுத்து வச்சீங்களா?"

"போன சனிக்கிழமை எங்க சானாவுல சூடு பிரமாதம்னீங்களே, அன்னிக்கு அடுப்புல எரிஞ்சதுதான் அந்த மரத்தோட கடைசிக் கட்டை."