இழுத்தால் நிற்கும் கயிறு

எடை பார்க்கும் மெஷின்மேல் அவன் ஜட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் மேனேஜர் தனசேகரன் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

வாங்கினான்.

"பேப்பரைக் கீழ வச்சுட்டு நில்லுடா. அதுவும் சேந்து ஏறிடப்போவுது," என்றான் வரிசையில் பின்னால் நின்றவன்.

எண்பத்து நான்கு புள்ளி ஏழு. எண்பத்தைந்தைத் தாண்டினால் களத்தில் இறங்க முடியாது. நேற்று முழுக்கப் பட்டினி கிடந்து இறக்கிய எடை.

இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தான்.

நான் போட்ட பதிவுக்கு வருந்துகிறேன். அதை நீக்கிவிட்டேன். கபடி அணியை ஆதரிக்கும் நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வரும்படி இனி எதுவும் பேச மாட்டேன்.

கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

போட்டால் இன்று மாலை ஆட்டம். போடாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு.

முந்தாநாள் அவன் போட்டது இரண்டே வரி.

'எங்கண்ணனும் கூட வேலை பாக்குறவங்களும் கேக்குறது ஒரு கயிறு. மாட்டிக் குடுத்துடுங்க.'

அதற்குக் கீழே சிமெண்ட் ஆலையின் பெயர். அவன் ஜெர்சியின் நெஞ்சில் இருப்பதும் அதே பெயர்தான்.

ஆலையில் மூட்டைகள் ஓடிவரும் பெல்ட். அதன் ஓரமாகவே ஒரு கயிறு போகும். யார் கையாவது சிக்கினால் பக்கத்தில் நிற்பவன் இழுக்க வேண்டும். இழுத்தால் பெல்ட் நிற்கும்.

அது அறுந்து எட்டு மாதம்.

கூட லோடு ஏற்றும் பிச்சைப்பிள்ளையின் கை சிக்கியபோது பக்கத்தில் நின்றது அண்ணன். சுவிட்ச் இருந்த அறைக்கு ஓடினான். அறுபது தப்படி தூரம்.

அந்த அறுபது தப்படிக்குள் கை போய்விட்டது.

ஒன்பது நாளாக லோடு ஏற்றுகிறவர்கள் ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அவன் பதிவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"பதினோராவது விதிடா," என்றார் தனசேகரன். "ஒப்பந்தத்துல நீயே கையெழுத்துப் போட்டிருக்க. படிச்சியா?"

"இல்ல சார்."

"நானும் நேத்துதான் படிச்சேன்."

இருபது வருடம் ரயில்வேக்கு ஆடியவர். வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். மேலே இருப்பவர்கள் சொல்வதை அவரும் செய்துதான் ஆக வேண்டும்.

கேப்டன் ஜக்மேந்தர் எட்டிப் பார்த்தான். ஹரியானாக்காரன். மூன்று சீசனில் சோற்றுக்கு வேண்டிய தமிழ் மட்டும் கற்றவன்.

"என்னா தம்பி, கல்யாண பத்திரிகையா?"

யாரும் சிரிக்கவில்லை.

செல்போன் அதிர்ந்தது. அண்ணன்.

"டேய், கயிறு மாட்டிட்டானுவடா! காலையில ஆறு மணிக்கே ஆள் வந்துட்டான். புதுக் கயிறு, செவப்புக் கலரு. உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுனானுவ. நானே இழுத்துப் பாத்தேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"கேக்குதா? இழுத்தா நிக்கிதுடா."

"கேக்குதுண்ணே."

"சரி, அதை அழிச்சிட்டு நீ ஆடு. உனக்கு எதுக்கு வம்பு?"

"அழிச்சிட்டா?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"சத்தம் அடங்குனா அவுத்தாலும் அவுத்துருவானுவ. எட்டு மாசம் சும்மா இருந்தவனுவதானே. அதை நாங்க பாத்துக்கறோம். நீ ஆடு."

அண்ணன் போனை வைத்துவிட்டான்.

காகிதத்தில் வருந்துகிறேன் என்ற வார்த்தையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு வருந்துவது? கயிறு வந்ததற்கா?

களத்தில் எதிரணி ஏழு பேர் வழியை அடைத்து நிற்கும்போது ரெய்டுக்குப் போகிறவன் முட்டிக்கொண்டு போகக் கூடாது. கால் நீட்ட எங்காவது ஒரு இடம் விட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு.

"சார், கயிறு மாட்டிட்டாங்களாம்."

"நெசமாவா?"

"கம்பெனிக்கு நன்றி சொல்லி ஒண்ணு போடட்டுமா? விதி தடுக்குதா?"

தனசேகரன் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"திட்டக் கூடாதுன்னு இருக்கு. நன்றி சொல்லக் கூடாதுன்னு இல்ல."

"அண்ணனை போட்டோ அனுப்பச் சொல்றேன் சார். செவப்புக் கயிறு. தேதி போட்டு, எந்த பெல்ட்டுன்னும் போட்டு."

தனசேகரன் நிமிர்ந்தார்.

இரண்டு லட்சம் பேர் பார்த்த கயிற்றை எவன் அவிழ்ப்பான்? நன்றியை வாங்கிக்கொண்டவன் எந்த முகத்தோடு வருத்தம் தெரிவிக்கச் சொல்வான்?

"களவாணிப் பயலே," என்றார். சொல்லும்போதே உதட்டோரம் இழுத்துக்கொண்டது. "ஆனா அவங்க பேரைப் போடணும்னா அவங்ககிட்டயே அனுமதி வாங்கணும். அது பன்னெண்டாவது விதி."

"வாங்குங்க சார்."

"நானா?"

"நீங்கதானே மேனேஜர்."

தனசேகரன் முழங்காலைத் தடவினார். மெஷின் பக்கம் நின்ற வரிசையைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜக்மேந்தருக்கு என்ன புரிந்ததோ, வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஆலை அதிகாரியின் எண்ணை அழுத்தினார்.

"வணக்கம் சார். கபடி டீம் தனசேகரன். நம்ம பையன் ஒருத்தன் உங்களுக்கு நன்றி சொல்லணும்ங்கறான்... ஆமா சார், அதே பையன்தான்... கயிறுக்கு சார். செவப்புக் கயிறு."



தனசேகரன் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"லைன்லதான் இருக்கேன் சார். நீங்க நிதானமா யோசிங்க. ஆட்டத்துக்கு இன்னும் ஒம்போது மணி நேரம் கெடக்கு."