பட்டையில் இல்லாத வரி

திரையில் சொலேன் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் படுத்திருந்தாள். திரைக்கு முன்னால் அதே சொலேன் கம்பளிச் சட்டையும் கையில் ஆறிப்போன காப்பியுமாக நின்று, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோன்த்ரேய் என்னும் பிரெஞ்சுப் புறநகரின் ஒலிக்கூடத்தில் காலை பதினொரு மணி. படுக்கையறைக் காட்சிக்கு மூச்சுச் சத்தம் கொடுக்க அவளை வரவழைத்திருந்தார்கள்.

நவம்பரில் காட்சியை எடுத்தபோது பதிவான சத்தம் பாழ். கட்டிலில் ஏதோ ஒன்று மொறுக் மொறுக் என்று நொறுங்கியது. ஒலிப்பதிவாளன் யாசின் அப்போதே இன்னொரு தடவை எடுக்கச் சொன்னான். இயக்குநர் கிஸ்லேன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிம்பம் அழகாக வந்துவிட்டது, சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான் பதினோரு படங்களாக அவருடைய வழக்கம்.

திரைக்கு அடியில் எழுத்துப்பட்டை ஓடியது. எழுத்து சிவப்புக் கோட்டைத் தொடும்போது வாயைத் திறக்க வேண்டும். எங்கே மூச்சை இழுப்பது, எங்கே விடுவது, எங்கே முனகுவது, எல்லாம் அதில் கையால் எழுதியிருந்தது. ஆசைக்கும் அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஊர் இது.

நடுவில் நான்கு விநாடிக்குப் பட்டை வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் அவள் கூந்தல் முகத்தில் சரிந்து விழும். உதடு தெரியாது.

கதையில் அவள் ஒரு நீதிபதி. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனை அவளாகவே தேடிப் போகிறாள். அந்த நான்கு விநாடியில் பேசுவதற்கு அவளுக்கு ஒரு வரி இருந்தது. படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் கிஸ்லேன் அதைப் பென்சிலால் அடித்துவிட்டார். பேசினால் மயக்கம் கலைந்துவிடுமாம்.

அந்த வரி போனதும், தேடிப் போனவள் அகப்பட்டவளாகிவிட்டாள். இருபது வருடமாக எல்லாப் படங்களிலும் சொலேன் அகப்பட்டவள்தான். இந்த ஒரு படத்திலாவது அப்படி ஆகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கிறங்கணும், செல்லம்," ஒலிபெருக்கியில் கிஸ்லேன் குழைந்தார். "நீ தோத்துப்போற இடம் இது."

"யார்கிட்ட?"

"இவ ஒருத்தி. ஓட்டுப்பா, யாசின்."

விளக்கு சிவந்தது. பட்டையில் எழுதியிருந்த ஒரு மூச்சைக்கூட அவள் விடவில்லை. வெற்றிடம் கோட்டைத் தொட்டது.

"கைய எடு," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் சொன்னப்புறம் தொடு."

திரையில் அவள் இடுப்பை நோக்கி வந்துகொண்டிருந்த, அந்த இளையவனாக நடித்த பாஸ்தியானின் கை அந்தரத்தில் நின்றது.

முன்னோட்டத்தில் அந்தக் கை நின்றதை ஊரே புகழ்ந்திருந்தது. இளம் நடிகனின் உள்ளுணர்வு என்று கிஸ்லேன் பேட்டி கொடுத்திருந்தார். இப்போது அது உள்ளுணர்வாகத் தெரியவில்லை. அவள் சொன்னாள், அவன் கேட்டான், அவ்வளவுதான்.

"பட்டையில அது இல்லையே!" ஒலிபெருக்கியில் கிஸ்லேன் கத்தினார்.

"இடம் இருந்துச்சு."

திரும்ப ஓட்டினார்கள். திரும்பவும் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை இன்னும் நிதானமாகச் சொன்னாள். நான்காம் தடவைக்குப் பிறகு கிஸ்லேன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வேற ஒருத்திய வச்சு மூச்சு விட வச்சுக்குவேன். தெரியுமில்ல?"

"ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம். என் உடம்புக்கு என் குரல்தான். அத வெட்டணும்னாலும் என்னத்தான் கேக்கணும். நீங்கதான் கையெழுத்து போட்டீங்க, கிஸ்லேன்."

அவர் நான்காம் பக்கத்தைத்தான் படித்திருந்தார். உடம்பில் எது தெரியலாம், எவ்வளவு நேரம் தெரியலாம் என்று அந்தப் பக்கத்துக்காக மூன்று வாரம் மல்லுக்கு நின்று ஜெயித்தார். ஜெயித்த மகிழ்ச்சியில் மீதியைப் புரட்டவில்லை.

யாசின் கேட்காமலே காட்சியைத் திரும்ப ஓட்டினான். மூவரும் பார்த்தார்கள். கை வந்தது, குரல் வந்தது, கை நின்றது.

கிஸ்லேன் திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"அந்தக் கை நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார். சொல்லவே இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். போகட்டும் என்று விட்டாள்.

அவர் போனபின் யாசின் ஒலிவாங்கியைக் கழற்றியபடி கேட்டான்.

"எல்லாம் சரி, அந்தக் கட்டில்ல என்னதான் இருந்துச்சு? நீங்க அங்கியப் போட்டுக்கிட்டுப் போனதும் மெத்தையையே புரட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. பாஸ்தியான் முழங்கைக்கு அடியில மொறுக்குன்னுச்சு. அதுலதான் பயந்துபோய்க் கைய அப்படியே நிறுத்துனான், பாவம். அவனே சொன்னான்."

"பழைய கட்டில்," என்றாள் சொலேன். இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மெட்ரோ வாசலில் நின்று கோட்டுப் பையைக் குப்பைத்தொட்டிக்குள் கவிழ்த்தாள். நொறுங்கிய அக்ரூட் ஓடுகள் நாலைந்து விழுந்தன. நவம்பரில் மெத்தையிலிருந்து அங்கிக்குள் மறைத்து எடுத்து வந்தவை; வேலை முடியும்வரை எறிய மனம் வரவில்லை.

எட்டு நாள் ஒத்திகை பார்த்த காட்சி அது. பாஸ்தியானின் முழங்கை எந்த விநாடியில் எங்கே ஊன்றும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் பாழானாலும் கிஸ்லேன் திரும்ப எடுக்க மாட்டார், குரல் கொடுக்கத் தன்னைத்தான் கூப்பிடுவார் என்பதும் தெரியும். கூந்தலை எப்போது சரியவிட வேண்டும் என்பதும் தெரியும்.