முன் பிரேக்

மெக்கானிக் மாயக்கண்ணன் எங்கள் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் ஷூக்களை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தான்.

பின் சக்கரத்து ஷூ தேய்ந்து இரும்பு தெரிந்தது. முன் சக்கரத்து ஷூ நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது.

"மலையாண்டி அண்ணே, முன் பிரேக்கத் தொடவே மாட்டீகளா? இப்புடி ஓட்டுனா வண்டி எப்புடி நிக்கும்?"

"பழக்கமில்லப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

வாய் கூசாமல் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் புதுவயலில், அரிசி ஆலைக்குள்ளிருந்து ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. இவர் காலால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தார். வண்டி இழுத்துக்கொண்டே போய் லாரியில் முட்டித்தான் நின்றது. விளக்கு உடைந்தது. எங்கள் மேல் ஒரு கீறல்கூட இல்லை, பெருமாள் புண்ணியம்.

இனிமேல் உங்கள் பின்னால் ஏறினால் என்னை ஏனென்று கேளுங்கள் என்று நடுரோட்டிலேயே சொல்லிவிட்டு, நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அவ்வளவு கோபம் இருந்தும் இன்று ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இவர் வண்டியைத் தள்ள, நான் பின்னாலேயே நடந்து பட்டறைக்கு வந்தேன். ஆளை நம்ப முடியாது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று அப்படியே திரும்பிவிடுவார்.

பழக்கமில்லையாம்.

கல்யாணமான புதிதில் இவரளவுக்கு முன் பிரேக் பிடித்த ஆள் காரைக்குடியிலேயே கிடையாது.

அரியக்குடிக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவோம். நான் ஒருபக்கமாக உட்கார்ந்து, பட்டும் படாமலும் சீட்டைப் பிடித்திருப்பேன். ரோட்டில் ஈ காக்கை இருக்காது. திடீரென்று முன் பிரேக் விழும். நான் சரிந்துபோய் இவர் முதுகில் சாய்வேன். தலையில் வைத்த பூ நசுங்கும்.

என்னவென்று கேட்டால், "கோழி குறுக்க வந்துருச்சு" என்பார்.

எந்தக் கோழி? அது எனக்கு மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

வாரா வாரம் அந்தக் கோழி வந்தது. சில நாள் நான் சரிய வேண்டியதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே சரிந்தேன். பிரேக் ஷூ மாற்றி மாற்றிக் கட்டுப்படியாகவில்லை என்று என் மாமனார் புலம்பினார்.

மாயக்கண்ணன் பின் சக்கரத்துக்கு மட்டும் புது ஷூ போட்டு, இரண்டு சக்கரங்களையும் மாட்டி முடுக்கினான்.

"பின் பிரேக்க மட்டும் நம்பாதீகண்ணே. முன் பிரேக்குலதான் வண்டி நிக்கிறதே. ரெண்டையும் சேத்துப் புடிங்க. அக்காவ வேற பின்னாடி வச்சிருக்கீக. எங்க, ஒருக்கா புடிச்சுப் பாருங்க."

இவர் வலது கை விரல்களை நீட்டினார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

மாயக்கண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லல் ரோட்டில் ஒருநாள் நிஜமாகவே ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. நான் அப்போது முழுகாமல் இருந்தேன், வயிறு வெளியே தெரியாத மாதம். இவர் பிடித்த பிடியில் போய் முதுகில் மோதினேன்.

"ஒண்ணும் இல்லையே?" என்றார்.

ஒன்றும் இல்லை என்றேன். ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது.

அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை, அது முன்பே தங்காமல் போனது என்று டாக்டரம்மா இவரை உட்காரவைத்துச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

துர்காதேவி வயிற்றில் இருந்தபோது என்னை வண்டியில் ஏற்றவே இல்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே வந்தார். அவள் பிறந்து, படித்து, கோயம்புத்தூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். வண்டிகள் மாறின. இவருடைய வலது கை விரல்கள் மட்டும் முன் பிரேக் பக்கம் போகவே இல்லை.

இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கோழியை மட்டும் எனக்கு ரொம்பத் தேடும்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, "பஸ் வர்ற நேரந்தான். ஏத்தி விட்டுட்டுப் போறேன்" என்றார்.

"ரெண்டு பிரேக்கும் புடிக்கிறதுன்னா சொல்லுங்க, ஏறுறேன். இல்லைன்னா இனி எந்நாளும் பஸ்சுதான்."

இவர் ரொம்ப நேரம் விளக்குக்குப் போட்ட புதுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

டாக்டரம்மாவிடம் ஆட்டிய அதே ஆட்டல். நம்பிக்கை இல்லாமல்தான் ஏறினேன்.

முதல் வேகத்தடை வந்தது. பின்னாலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. மெதுவாக மடங்கின.

வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. நான் சரிந்து முதுகில் சாய்ந்தேன்.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லையே?"

இத்தனை வருடமும் இவர் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "கோழியா?"

வண்டி நகர்ந்தது.

ஊரைத் தாண்டினோம். நேரான ரோடு. வேகத்தடை இல்லை, லாரி இல்லை, ஆடு மாடு எதுவும் இல்லை.

முன் பிரேக் லேசாக விழுந்தது.

"ஆமா" என்றார்.