ஒற்றைப் படுக்கைப் படகு

"உலகம் சுத்தப்போற பாய்மரப் படகுல ஒரே ஒரு படுக்கையா?" கணவன் வரைந்த படகின் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டாள் ஹிஸ்கே.

"கடல்ல ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சிருக்கணும். ரெண்டாவது படுக்கை எதுக்கு?" என்றான் யெல்மர்.

"கயிறெல்லாம் ஏன் ஒரே இடத்துக்கு வருது?"

"உனக்கு முதுகுவலியாச்சே! உட்கார்ந்த இடத்துலயே பாயை ஏத்தலாம், இறக்கலாம். ஓட்டத் தெரியாதவங்ககூட ஓட்டலாம்."

அவள் தலையாட்டினாள். யெல்மர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஹார்லிங்கன் துறைமுகத்தில் படகு தண்ணீரில் இறங்கிய அன்று ஊரே கைதட்டியது. ஹிஸ்கே முதலில் ஏறினாள். யெல்மர் கரையில் குனிந்து கட்டுக்கயிற்றை அவிழ்த்து நிமிர்ந்தான். பாய் ஏறிவிட்டது, படகு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏய், நில்லு! நான் இன்னும் ஏறலை!"

"ஏறி எங்கே படுப்பே? இருக்கறது ஒரு படுக்கைதானே!" ஹிஸ்கே கத்தினாள். "நாளைக்கு என்னை விட்டுட்டு நீ மட்டும் கிளம்பறதுக்காகப் படகுல ஒளிச்சு வெச்சியே ஒரு பெட்டி, அதைக் கரையில இறக்கிட்டேன். பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ!"

பெட்டி அவன் காலடியிலேயே இருந்தது.

காற்றில் பாய் சுருக்கமில்லாமல் விம்ம, படகு வழுக்கிக்கொண்டு போனது. திட்ட வாயெடுத்த யெல்மர், பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினான்.

"பாத்தீங்களா? ஓட்டத் தெரியாதவளே எவ்வளவு அழகா ஓட்டறா! எல்லாம் என் டிசைன்."